கேள்வி பதில்: பூட்டைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்

வன்னியில் இருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றித்தான் வந்தன. கோப்பை வாசிக்கிற, கோப்பைப் பூட்டுகிற சின்னச் சின்ன ஃபங்ஷன்களை எழுதி ஒரு லைப்ரரியாக வைத்திருப்பவர்கள், அதற்கு யூனிட் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனியாகச் சோதிக்கிற நிரல், எழுதப் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இடம் முழுவதையும் இதற்கே கொடுக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் பைதனில் எழுதுபவர்கள், ஆகவே நானும் பைதனை வைத்தே சொல்கிறேன்.

அக்கா, இறுதி ஆண்டு புரொஜெக்டுக்காக ஒரு சின்ன லைப்ரரி எழுதியிருக்கிறேன். யூனிட் டெஸ்ட் என்றால் உண்மையான கோப்பைத் தொடவே கூடாது, எல்லாவற்றையும் மொக் பண்ணி, அதாவது அதன் இடத்தில் போலி ஒன்றை வைத்து, ஓட்ட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்படியா?
— வவுனியாவில் இருந்து ஒரு பல்கலைக்கழக மாணவி

தங்கச்சி, அது கெட்ட விதி இல்லை. வட்டி கணக்குப் பார்க்கிற ஃபங்ஷனுக்கும் திகதி மாற்றுகிற ஃபங்ஷனுக்கும் நன்றாகப் பொருந்தும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதே கோப்பைத் தொடுகிற நிரல், இயங்குதளத்தோடு பேசுவதுதான் அதன் முழு வேலையும். அந்தப் பேச்சை மொக் பண்ணிவிட்டால், இயங்குதளம் இப்படித்தான் பதில் சொல்லும் என்று நீங்கள் நினைத்ததை நீங்களே எழுதி நீங்களே சரி போட்டுக்கொள்வதுதான் மிச்சம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பக்கம் நெல் வாங்குகிற ஒரு இடத்துக்குப் பற்றுச்சீட்டு அடிக்கிற நிரல் செய்து கொடுத்தேன். அடுத்த பற்றுச்சீட்டின் இலக்கம் ஒரு கோப்பில் இருக்கும், அதை வாசித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுத வேண்டும், நடுவில் வேறு யாரும் புகுந்துவிடாமல் இருக்க ஒரு பூட்டு. என் டெஸ்ட் அந்தப் பூட்டு ஃபங்ஷனை மொக் பண்ணி, அது ஒரு தடவை அழைக்கப்பட்டதா என்று மட்டும் பார்த்தது. எல்லாம் பச்சை, அதாவது பாஸ். காலபோக அறுவடை தொடங்கி உழவு இயந்திரப் பெட்டிகள் றோட்டுவரைக்கும் வரிசையில் நின்ற ஒரு நாள், தராசில் இருந்து தானாக எடை எடுக்கிற நிரலும் கையால் அடிக்கிற நிரலும் ஒரே நேரத்தில் ஓடி, ஒரே இலக்கத்தில் இரண்டு பற்றுச்சீட்டு வந்துவிட்டது. அதில் ஒன்று ஒரு வயதான கமக்காரருடையது. அவருடைய மூட்டைக் கணக்கைத் தேடிப் பிடித்துத் திருத்தி முடிக்கும்வரை அந்த மனிசன் வெயிலில் நின்றார். அது இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

பிழை எங்கே என்றால், பூட்டு ஃபங்ஷன் கோப்பைத் திறந்தது, பூட்டியது, "சரி" என்று திருப்பி அனுப்பியது. திறந்த கோப்பு அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே இருந்த ஒரு மாறியில். ஃபங்ஷன் முடிந்ததும் பைதன் அந்த மாறியைத் துடைத்தது, கோப்பு மூடுபட்டது, கோப்போடு பூட்டும் போனது. பூட்டு ஒரு கணம் விழுந்து உடனேயே கழன்றிருக்கிறது. மொக் வைத்த டெஸ்ட் இதை ஆயிரம் தடவை ஓட்டினாலும் காட்டாது, உண்மையான கோப்பு ஒன்றை வைத்து ஓட்டியிருந்தால் முதல் தடவையே காட்டியிருக்கும்.

ஆகவே உண்மையான கோப்பையே பயன்படுத்துங்கள், ஆனால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் புதிதாக உருவாகிற தற்காலிக அடைவுக்குள். பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவி என்றால் 'டிஎம்பி_பாத்' என்ற ஃபிக்ஸ்சர் அதைத் தானே தரும், பைதனோடு வருகிற யூனிட்டெஸ்ட் என்றால் 'டெம்ப்ஃபைல்' மொடியூலில் 'டெம்பரரி டைரக்டரி' இருக்கிறது. உங்கள் டெஸ்க்டொப்பில் இருக்கிற கோப்பு ஒன்றின் முழுப் பாதையை டெஸ்டுக்குள் எழுதி வைக்க வேண்டாம். பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் கணினியில்கூட அது ஓடாது.

மொக்குக்கும் இடம் இருக்கிறது. வட்டு நிறைந்துபோனால் உங்கள் நிரல் என்ன செய்யும் என்று பார்ப்பதற்காக யாரும் வட்டை நிறைப்பதில்லை. அந்த இடத்தில் எழுதுகிற அழைப்பை மட்டும் மொக் பண்ணி, லினக்ஸில் 28ஆம் இலக்கப் பிழையான 'இடம் இல்லை' என்பதைத் திருப்பிக் கொடுக்கச் செய்து, பழைய கோப்பு பத்திரமாக இருக்கிறதா என்று பாருங்கள். வேண்டும் என்று வரவழைக்க முடியாத பிழைகளுக்கு மட்டும் மொக் என்று வைத்துக்கொண்டால் போதும்.

அக்கா, பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாக வாசிக்கிற ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் பயனாளிகள் பட்டியலை வாசிக்கும்போது நடுவில் ஏதோ ஒரு பெயர் மட்டும் சிதைந்து வருகிறது. ஆங்கிலப் பட்டியலில் இந்தப் பிரச்சினை இல்லை.
— கிளிநொச்சியில் இருந்து ஒரு மென்பொருளாளர்

தம்பி, உங்கள் டெஸ்டில் இருக்கிற கோப்பில் என்ன எழுதியிருக்கிறது? "ஹலோ வேர்ல்ட்" என்று ஆங்கிலத்தில் இருந்தால் காரணம் அங்கேதான்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் 1 பைட். தமிழில் யுனிகோட் குறி ஒவ்வொன்றும் 3 பைட். "கிளிநொச்சி" என்ற சொல்லை எடுங்கள். க, இகரக் குறி, ள, இகரக் குறி, ந, ஒகரக் குறி, ச, புள்ளி, ச, இகரக் குறி, ஆக 10 குறிகள், 30 பைட். கோப்பின் ஒவ்வொரு வரியிலும் இந்தச் சொல் மட்டுமே இருக்கிறது என்று வைத்தால், வரி முடிவுக்கு 1 பைட் சேர்த்து ஒரு வரிக்கு 31. உங்கள் ஃபங்ஷன் 4096 பைட் துண்டாக வாசிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 31ஐ 132ஆல் பெருக்கினால் 4092. மிச்சம் இருப்பது 4 பைட். 133ஆவது வரியின் "க" 3 பைட்டை எடுத்துக்கொள்கிறது, அடுத்து வருகிற இகரக் குறியின் முதல் பைட் மட்டும் இந்தத் துண்டுக்குள் விழுகிறது, மற்ற 2 பைட்டும் அடுத்த துண்டில். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக மாற்றினால் அந்த இடத்தில் நிரல் பிழை காட்டி நிற்கும், அல்லது பிழையை மாற்றி எழுதச் சொல்லியிருந்தால் "கி" இருந்த இடத்தில் "க" வும் அதன் பின்னால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி மூன்றும் வரும். 132 வரியும் ஒழுங்காக வந்து ஒன்று மட்டும் கெடுவதால்தான் பெயரை அடித்தவர் பிழையாக அடித்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றுகிறது.

திருத்துவது லேசு. பைதனின் 'கோடெக்ஸ்' மொடியூலில் படிப்படியாக மாற்றுகிற டீகோடர் இருக்கிறது, அது அரைகுறையாக வந்த பைட்டை அடுத்த துண்டு வரும்வரை கையில் வைத்திருக்கும். டெஸ்ட்தான் இங்கே கவனமாக எழுத வேண்டியது. துண்டின் அளவை ஃபங்ஷனுக்குள் 4096 என்று இறுக்கி வைக்காமல் வெளியில் இருந்து கொடுக்கக்கூடியதாக மாற்றுங்கள். அப்புறம் ஒரே தமிழ்க் கோப்பை 1, 2, 3, 4, 5, 4096 என்று வெவ்வேறு அளவில் வாசித்து, எல்லாம் ஒரே எழுத்தைத் தருகிறதா என்று பாருங்கள். 3 மட்டும் போட்டுப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். வரி முடிவு இல்லாத தனித் தமிழ் என்றால் 3 எப்போதும் குறிகளுக்கு நடுவில் சரியாகவே வெட்டும், பிழை ஒளிந்துகொள்ளும்.

கூடவே இன்னும் சிலவற்றுக்கு டெஸ்ட் வையுங்கள். ஒன்றுமே இல்லாத கோப்பு. கடைசி வரியின் முடிவில் என்டர் இல்லாத கோப்பு. விண்டோஸில் சேமித்து வந்த, ஒவ்வொரு வரி முடிவிலும் 2 பைட் இருக்கிற கோப்பு. பழைய நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று சேமித்த கோப்பு, இது நம் அலுவலகங்களில் நிறைய. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முந்திய நோட்பேட், கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளம் ஒன்றைப் போடும். அதை நீக்காமல் வாசித்தால் பட்டியலின் முதல் கட்டத்தில் இருக்கிற தலைப்பு திரையில் "பெயர்" என்றுதான் தெரியும், ஆனால் நிரலில் "பெயர்" உடன் ஒப்பிட்டால் பொருந்தாது. 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்து வாசித்தால் அடையாளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரியாக வரும், இரண்டுக்கும் ஒவ்வொரு டெஸ்ட் வையுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது வேறு கதை. அந்தக் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள், உங்கள் ஃபங்ஷன் அவற்றைப் பிழையில்லாமல்தான் வாசிக்கிறது. மாற்றிக் கொடுக்கிற வேலையை வாசிக்கிற ஃபங்ஷனின் தலையில் ஏற்றாதீர்கள், தனி ஃபங்ஷனாக வையுங்கள்.

ஒரு கோப்பைப் பூட்டிவிட்டு, அதே டெஸ்டுக்குள் அதே கோப்பை மறுபடி திறந்து இரண்டாவது பூட்டுக் கேட்டேன். மறுக்க வேண்டும் அல்லவா? லினக்ஸ் தாராளமாகக் கொடுக்கிறது. 'லொக்எஃப்' பயன்படுத்துகிறேன். என் நிரல் பிழையா, லினக்ஸ் பிழையா அக்கா?
— முல்லைத்தீவில் இருந்து ஒரு வாசகர்

இரண்டும் பிழை இல்லை தம்பி, டெஸ்ட்தான் பிழை. இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பைதனின் 'லொக்எஃப்' லினக்ஸில் கேட்பது பொசிக்ஸ் என்ற இயங்குதளத் தரத்தில் சொல்லப்பட்ட பூட்டு. அந்தப் பூட்டின் சொந்தக்காரர் புரொசெஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கிற நிரல். ஒரே புரொசெஸ் எத்தனை தடவை திறந்து கேட்டாலும் "உன்னிடம்தானே இருக்கிறது" என்று கொடுத்துவிடும். வாய்க்காலில் ஒரு வளவுக்குத் தண்ணீர் முறை வந்துவிட்டால் மண்வெட்டியோடு தகப்பன் போனாலும் மகன் போனாலும் முறை அந்த வளவுடையதுதான், அதுபோல. ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற த்ரெட் போட்டுப் பார்த்தாலும் இதே நிலைதான், ஏனென்றால் த்ரெட்டுகள் எல்லாம் ஒரே புரொசெஸ்ஸின் பிள்ளைகள். 'ஃபிளொக்' வேறு விதம். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிறந்த அந்தப் பூட்டு, திறந்த கோப்போடு ஒட்டியிருக்கும், ஆகவே ஒரே புரொசெஸ்ஸுக்குள் இரண்டு தடவை திறந்தாலும் இரண்டாவது மறுக்கப்படும்.

ஆகவே பூட்டை உண்மையாகச் சோதிக்க இரண்டாவது புரொசெஸ் கட்டாயம் வேண்டும். 'சப்புரொசெஸ்' மொடியூலால் இன்னொரு பைதனைத் தொடங்குங்கள். அந்தப் பிள்ளைப் புரொசெஸ் கோப்பைத் தானே திறந்து, பூட்டிவிட்டு, "பிடித்தாயிற்று" என்று ஒரு வரி அச்சிட வேண்டும். அச்சிட்டதும் மறக்காமல் ஃப்ளஷ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வரி உள்ளேயே தேங்கி நிற்க நீங்கள் வெளியே காத்துக்கொண்டிருப்பீர்கள். டெஸ்ட் அந்த வரியை வாசித்த பிறகு, காத்திருக்காத வகைப் பூட்டைக் கேட்கிறது, அது மறுக்கப்பட வேண்டும். பிறகு பிள்ளையின் உள்ளீட்டை மூடிவிட்டால் பிள்ளை பூட்டை விட்டு வெளியேறும், அது முடிந்த பின் மறுபடி கேட்டால் இந்தத் தடவை கிடைக்க வேண்டும். மறுத்ததையும் சோதிக்க வேண்டும், பிறகு கிடைத்ததையும் சோதிக்க வேண்டும். முதலாவதை மட்டும் சோதித்தால் எப்போதுமே மறுக்கிற பூட்டும் பாஸாகிவிடும்.

இந்த இடத்தில் பலர் 2 செக்கன் தூங்கச் சொல்லி ஸ்லீப் போடுவார்கள், அதற்குள் பிள்ளை பூட்டியிருக்கும் என்ற நம்பிக்கையில். போட வேண்டாம். உங்கள் புதிய மடிக்கணினியில் அது ஓடும், வேலை கூடிய பழைய கணினியில் பிள்ளை தொடங்கவே 3 செக்கன் எடுத்தால் டெஸ்ட் ஒரு நாள் பச்சை ஒரு நாள் சிவப்பு என்று ஆடும், ஆடுகிற டெஸ்டை நாளடைவில் யாரும் நம்ப மாட்டார்கள். நேரத்தைக் கொண்டு ஊகிக்காமல் செய்தி வரும்வரை காத்திருங்கள். ஆனால் காத்திருப்புக்கு 30 செக்கன் என்று ஒரு எல்லை போடுங்கள், பூட்டுப் பிழைத்தால் டெஸ்ட் விடிய விடிய நிற்கக் கூடாது.

'ஃபிளொக்' பக்கம் மாறுபவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. ஃபோர்க் பண்ணி, அதாவது தாய்ப் புரொசெஸ்ஸைப் பிரதி எடுத்து, பிறந்த பிள்ளைக்கு, தாய் திறந்து வைத்திருந்த கோப்பும் அதன் பூட்டும் பங்காகக் கிடைக்கும். அந்தக் கோப்பை வைத்தே பிள்ளை பூட்டுக் கேட்டால் கிடைத்துவிடும், பூட்டு வேலை செய்யவில்லை என்று நீங்கள் தலையைப் பிடித்துக்கொள்வீர்கள். பிள்ளைக்குப் பாதையை மட்டும் கொடுங்கள், திறப்பதை அது பார்த்துக்கொள்ளட்டும்.

பொசிக்ஸ் பூட்டின் உண்மையான ஆபத்து இதைவிடப் பெரியது. ஒரு புரொசெஸ் ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கும்போது, அதே புரொசெஸ்ஸின் வேறு ஏதோ ஒரு மூலை அதே கோப்பைச் சும்மா வாசிக்கத் திறந்து மூடினால், அந்த மூடுதலோடு பூட்டு முழுவதும் போய்விடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. உங்கள் லைப்ரரியில் வாசிக்கிற பகுதியும் பூட்டுகிற பகுதியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனியாக டெஸ்ட் எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் பச்சை, ஆனால் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒன்று மற்றதைக் கழற்றிவிடுகிறது. இதற்கு ஒரு டெஸ்ட் எழுதியே ஆக வேண்டும்: பூட்டுங்கள், உங்கள் வாசிக்கிற ஃபங்ஷனால் அதே கோப்பை ஒரு தடவை வாசியுங்கள், பிறகு பிள்ளைப் புரொசெஸ்ஸை அனுப்பிப் பூட்டுக் கேட்கச் சொல்லுங்கள். 'லொக்எஃப்' உடன் அது கிடைத்துவிடும், டெஸ்ட் சிவப்பாகும். 'ஃபிளொக்' பயன்படுத்தலாம், அல்லது தரவுக் கோப்பைப் பூட்டாமல் பக்கத்தில் வேறு ஒரு கோப்பை வைத்து அதை மட்டும் பூட்டலாம். லினக்ஸ் 3.15இல், 2014ஆம் ஆண்டு, திறந்த கோப்போடு ஒட்டுகிற பொசிக்ஸ் மாதிரிப் பூட்டு ஒன்றும் வந்தது, அதுவும் இந்த நோய்க்கு மருந்துதான். நான் தனிக் கோப்பு வைக்கிற கட்சி. வாசிக்கிற பகுதி அந்தக் கோப்பைத் தொடுவதற்கே காரணம் இருக்காது.

தனிக் கோப்பு வைத்தால் இன்னொரு பிழையும் தானாகவே ஒழிந்துவிடும். எழுதுவதற்கு என்று 'டபிள்யூ' முறையில் திறந்த கணமே கோப்பு வெறுமையாகிவிடுகிறது. திறந்த பிறகு பூட்டினால், பூட்டு மறுக்கப்பட்டாலும் மற்றவருடைய தரவு ஏற்கெனவே போய்விட்டது. இதற்கும் டெஸ்ட் எழுதலாம்: பிள்ளை பூட்டியிருக்கும்போது எழுத முயன்று மறுக்கப்பட்ட பின், கோப்பின் உள்ளடக்கம் அப்படியே இருக்கிறதா?

கடைசியாக, எல்லா டெஸ்டும் பச்சையான பிறகு உங்கள் லைப்ரரியில் பூட்டுகிற அந்த ஒரு வரியை ஓடாதபடி மறித்துவிட்டு டெஸ்டுகளை மறுபடி ஓட்டுங்கள். ஒன்றுகூடச் சிவப்பாகாவிட்டால் நீங்கள் இவ்வளவு நாளும் பூட்டைச் சோதிக்கவே இல்லை. நான் இப்போது பூட்டு சம்பந்தமான எந்த டெஸ்டையும் இப்படி ஒரு தடவை சிவப்பாகப் பார்க்காமல் சேர்ப்பதில்லை.

ஐந்து நிமிசம் கரண்ட் போய் வந்தால் என் நிரல் "ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. பூட்டுக் கோப்பைக் கையால் அழித்தால்தான் வேலை செய்கிறது. இதை எப்படி டெஸ்டில் பிடிப்பது தங்கச்சி?
— மாங்குளத்தில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒருவர்

அண்ணை, உங்கள் நிரல் கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதையே பூட்டாக வைத்திருக்கிறது. இருந்தால் பூட்டு, இல்லாவிட்டால் திறப்பு. நிரல் ஒழுங்காக முடியும்போது கோப்பை அழிக்கும், கரண்ட் போனால் அழிக்க ஆள் இல்லை, வட்டில் அது கிடக்கும். உள்ளே புரொசெஸ் இலக்கத்தை எழுதி வைத்து, அந்த இலக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறவர்களும் உண்டு, ஆனால் கணினி மறுபடி எழும்பும்போது அதே இலக்கம் வேறு ஏதோ நிரலுக்குப் போயிருக்கலாம். இயங்குதளம் வைக்கிற பூட்டு அப்படி இல்லை. புரொசெஸ் எப்படிச் செத்தாலும் இயங்குதளம் அதன் கோப்புகளை மூடும், மூடும்போது பூட்டையும் எடுத்துவிடும். கோப்பு வட்டில் கிடந்தாலும் பாதகம் இல்லை. அதற்கு மாறுங்கள்.

டெஸ்ட் எழுதுவது எளிது. மேலே சொன்ன பிள்ளைப் புரொசெஸ் "பிடித்தாயிற்று" என்று சொன்னதும் அதைக் 'கில்' பண்ணுங்கள், விடைபெற நேரம் கொடுக்காத வகையில், லினக்ஸில் 9ஆம் இலக்க சிக்னல். அது செத்து முடியும்வரை காத்திருந்து பூட்டுக் கேளுங்கள். கிடைக்க வேண்டும். உங்களுடைய இப்போதைய நிரலை இந்த டெஸ்ட் உடனே பிடிக்கும்.

கரண்ட் போனபோது எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் நின்றதையும் எழுதியிருந்தீர்கள். வழமையான வழி இதுதான்: அதே அடைவில் தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, எழுதியதை உடனே வட்டுக்கு அனுப்பச் சொல்கிற 'எஃப்சின்க்' கொடுத்து, பிறகு 'ஓஎஸ்.ரிப்ளேஸ்' மூலம் பழையதன் பெயருக்கு மாற்றுவது. எழுதியதற்கும் பெயர் மாற்றுவதற்கும் நடுவில் வேண்டுமென்றே பிழை கிளப்பி, பழைய கோப்பு முழுதாக இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் வையுங்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணை, புரொசெஸ்ஸைக் கொல்வது கரண்ட் போவதற்குச் சமம் இல்லை. புரொசெஸ் செத்தாலும் அது எழுதியது இயங்குதளத்தின் நினைவகத்தில் இருக்கும், ஆறுதலாக வட்டுக்குப் போய்ச் சேரும். கரண்ட் போனால் அந்த நினைவகமே போய்விடும். ஆகவே 'எஃப்சின்க்' வரியை நீங்கள் மறந்திருந்தாலும் கொல்கிற டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும். இங்கேதான் மொக் உதவும்: 'எஃப்சின்க்' அழைக்கப்பட்டதா, 'ரிப்ளேஸ்' க்கு முதல் அழைக்கப்பட்டதா என்று வரிசையைப் பாருங்கள். முதல் கேள்விக்கு நான் சொன்னதற்கு இது எதிர்மாறாகத் தெரியலாம். ஆனால் உண்மையைச் செய்து பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் நீங்கள் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

லினக்ஸில் பாஸாகும் டெஸ்ட் விண்டோஸில் தற்காலிக அடைவை அழிக்கும்போது "அனுமதி இல்லை" என்று விழுகிறது. என்ன செய்யலாம்?
— மன்னாரில் இருந்து ஒரு வாசகி

எங்கோ ஒரு கோப்பு மூடப்படாமல் இருக்கிறது. லினக்ஸ் திறந்திருக்கும் கோப்பையும் அழிக்க விடும், விண்டோஸ் பொதுவாக விடாது. அழிக்கும்போது வரும் பிழையை மறைக்கிற வேலை பார்க்காமல் எந்த ஃபங்ஷன் மூட மறந்தது என்று தேடுங்கள், உங்கள் லைப்ரரியில் இருக்கிற உண்மையான பிழையை விண்டோஸ் இலவசமாகக் காட்டித் தந்திருக்கிறது.

பூட்டு விசயத்திலும் இரண்டும் ஒன்று இல்லை. லினக்ஸ் பூட்டு ஒரு மரியாதை ஒப்பந்தம், பூட்டைக் கேட்காமலே எழுதுகிற நிரலை அது தடுக்காது. விண்டோஸ் உண்மையிலேயே தடுக்கும். பைதனில் விண்டோஸுக்கென்று இருக்கிற 'எம்எஸ்விசிஆர்டி' மொடியூலில் காத்திருக்கிற பூட்டு 1 செக்கன் இடைவெளியில் 10 தடவை முயன்றுவிட்டுப் பிழை கிளப்பும், லினக்ஸில் காத்திருக்கிற பூட்டு முடிவில்லாமல் காத்திருக்கும். "காத்திருந்து கிடைத்தது" என்ற டெஸ்டை எழுதும்போது இந்த 10 செக்கனை நினைவில் வையுங்கள்.

வாசிக்க அனுமதி இல்லாத கோப்புக்கு டெஸ்ட் எழுதினேன். என் கணினியில் பச்சை, சர்வரில் சிவப்பு.
— ஓமந்தையில் இருந்து ஒரு மாணவர்

சர்வரில் டெஸ்ட் 'ரூட்', அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனராக ஓடுகிறது. ரூட்டுக்கு அந்த அனுமதிகள் ஒரு பொருட்டே இல்லை, கோப்பைத் திறந்து வாசித்துவிடும். சாதாரணப் பயனராக ஓட்டுங்கள், முடியாவிட்டால் ரூட்டாக இருக்கும்போது அந்த டெஸ்டை மட்டும் தாண்டச் சொல்லுங்கள்.

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பைதனில் கோப்பு படிப்பிக்கிறேன். பூட்டு ஏன் வேண்டும் என்று வாயால் சொன்னால் அவர்களுக்கு ஏறவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் விண்டோஸ் கணினிகள் மட்டும்தான். வகுப்பில் செய்து காட்டக்கூடியதாக ஏதும் இருக்கிறதா?
— புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு ஆசிரியை

இருக்கிறது ரீச்சர். ஒரு கோப்பில் 0 என்று எழுதி வையுங்கள். கோப்பைத் திறந்து எண்ணை வாசித்து, மூடி, ஒன்று கூட்டி, திறந்து திரும்ப எழுதி மூடுகிற வேலையை 1000 தடவை செய்கிற பத்து வரி நிரலைப் பிள்ளைகளே எழுதட்டும். முதலில் ஒரு கொமாண்ட் ஜன்னலில் ஓட்டுங்கள், கோப்பில் 1000 வரும். மறுபடி 0 போட்டு, இரண்டு ஜன்னலைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் என்டர் தட்டச் சொல்லுங்கள். 2000 வர வேண்டும் என்று கரும்பலகையில் முதலே எழுதி வையுங்கள்.

வராது. எண் குறைந்திருக்கும், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு எண்ணாக. சில தடவை ஒரு ஜன்னல் நடுவில் பிழை காட்டி நின்றுவிடும். மற்ற ஜன்னல் எழுதுவதற்குத் திறந்து கோப்பை வெறுமையாக்கிய கணத்தில் இது வாசித்து, எழுத்தே இல்லாத ஒன்றை எண்ணாக மாற்றப் பார்த்திருக்கும். அந்தப் பிழைச் செய்தியை அழித்துவிடாமல் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பிறகு பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பு வைத்து, 'எம்எஸ்விசிஆர்டி' பூட்டை வாசிப்பதற்கு முன்னால் போட்டு, எழுதி மூடிய பின் எடுக்கச் செய்யுங்கள். பூட்டு கோப்பில் நிற்கிற இடத்தில் இருந்துதான் விழும், ஆகவே பூட்டும்போதும் எடுக்கும்போதும் 0ஆவது இடத்துக்குப் போக வேண்டும். இது தவறினால் ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தைப் பூட்டிக்கொண்டு நிற்பார்கள். பூட்டோடு ஓட்டும்போது நேரம் கூட எடுக்கும், 1000 அதிகமாகத் தெரிந்தால் 200 ஆகக் குறையுங்கள், கரும்பலகையில் இருக்கிற எண்ணையும் 400 என்று மாற்றிவிடுங்கள்.